பொருள்: பேத்தியின் துப்பாக்கி – தொடர்பாக

அனுப்புநர்:
தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவன்,
புங்கமரத்தடி, உத்திரமேரூர்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆயுதப் பிரிவு அலுவலர் அவர்கள்,
நாங்கள் விமானம் மாறிய விமான நிலையம்
(ஊர்ப் பெயர் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது).

பார்வை: 1. தங்கள் கவுண்டரில் நாங்கள் நின்ற இரண்டு மணி நாற்பது நிமிடம். 2. அந்த நேரம் முழுக்கத் தாங்கள் என்னைப் பார்த்த பார்வை.

ஐயா,

ஊர்ப் பெயரை விட்டதற்குக் காரணம் பயம்தான். என் பேத்தி இன்னும் பத்து வருஷமாவது துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வழியாகப் போகவேண்டியவள்.

முப்பத்துநான்கு வருஷமாக ஒரு ஸ்டூல், ஒரு அட்டை, ஒரு கட்டு வெள்ளைத்தாள், இவ்வளவுதான் என் முதலீடு. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, வாய்க்காலை மறித்துக் கட்டிய சுவர் என்று ஊரின் எல்லாத் துயரத்தையும் 'மேற்படி' போட்டு எழுதியாயிற்று. துப்பாக்கியும் எனக்குப் புதிதல்ல. பயிரைப் பன்றி அழிக்கிறது என்று லைசென்ஸ் வாங்கி, மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல் வைத்திருக்கிற பெரியவர்கள் எனக்கு வாடிக்கை. தேர்தல் அறிவித்தால் அதை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்ததும் திருப்பித் தரச் சொல்லி மனு. அந்த மனு என் கையெழுத்தில்தான் இருக்கும். இடைப்பட்ட நாளில் பன்றியும் தேர்தல் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்ளும் என்று அரசு நம்புகிறது. நானும் நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆகவே துப்பாக்கி என்றதும் பதறுகிற ஆள் நான் இல்லை. பதறியது நீங்கள்.

பேத்தி சுடுவது பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். எங்கள் களத்து ஷெட்டில் கயிறு பிடித்துப் பத்து மீட்டர் அளந்து, அந்தக் கோடியில் அட்டையை மாட்டிச் சுட்டுப் பழகியவள். பெட்டியில் இருக்கிற துப்பாக்கி செகண்ட் ஹேண்ட். அவள் அப்பன் டிராக்டர் டிரெய்லரை விற்ற காசு. அதிலிருந்து போகிற ஈயக் குண்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர், எடை அரை கிராம் சொச்சம். ஐந்நூறு குண்டு உள்ள டப்பாவைத் தூக்கினால் கால் கிலோதான் இருக்கும். வெடிமருந்து ஒரு சிட்டிகை கிடையாது, காற்றுதான் தள்ளுகிறது. அட்டையின் நடுவில் பத்துப் புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூக்கு முட்டப் பார்த்தால் எனக்குத் தெரியும். அவள் பத்து மீட்டர் தள்ளி நின்று அதைக் கேட்கிறாள். அதற்காகச் சாக்குத்துணி மாதிரி விறைத்த கோட்டும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு வாத்துபோல நடக்கிறாள். இந்த வேஷத்தில் ஒரு குருவியைத் துரத்த முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

போட்டி வடக்கே. துணைக்குத் தாத்தா. எனக்கு முதல் விமானம். ஏறிய இடத்தில் எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. துப்பாக்கி இருக்கிறது என்று நாங்களே சொன்னோம். அந்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார், பார்த்தார், காகிதங்களைப் பார்த்தார், பூட்டச் சொன்னார், ஒரு சீட்டு ஒட்டினார், போய்வா என்றார். இவ்வளவு சுலபமா என்று எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. தாலுகா ஆபீஸில் நல்லது நடந்தால் வருகிற சந்தேகம் வந்தது. சந்தேகம் வீண்போகவில்லை. இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்பதால் நடுவில் பெட்டியை எடுத்து உங்களிடம் மறுபடி போடவேண்டியிருந்தது.

உங்கள் அலுவலர் இந்தியில் கேட்டார், பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், நான் தமிழில் பயந்தேன்.

காகித விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது. போட்டிக்கான அனுமதிச் சீட்டு, சங்கத்தின் அடையாள அட்டை, கல்லூரிக் கடிதம், ஆதார், துப்பாக்கி வாங்கிய பில், அதில் அடித்திருக்கும் எண், எல்லாவற்றையும் வரிசையாகத் துளைபோட்டுப் பச்சை டேக் கட்டி எடுத்துப்போயிருந்தேன். அவர் கேட்ட ஒரே காகிதம் அதில் இல்லை. லைசென்ஸ்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலுள்ள இந்த ரகத்துக்கு லைசென்ஸ் வேண்டாம், இது ஏழரை ஜூல்தான் என்று பேத்தி சொன்னாள். வேண்டாம் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்றார் அவர். இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது. எந்த மாநிலமானால் என்ன, அவர் எங்கள் ஆள். வில்லங்கம் ஒன்றும் இல்லை என்று தருகிற தாளுக்கே வில்லங்கச் சான்று என்று பேர் வைத்திருக்கிற பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலிலும் நான் உட்கார்ந்தவன் ஆயிற்றே.

பிறகு சிலிண்டர். துப்பாக்கியின் குழலுக்கு அடியில் டார்ச் லைட் கனத்துக்கு ஒரு உருளை இருக்கும். சுடும்போது அதில் 200 பார் வரை காற்று அடைப்பார்கள். விமானத்தில் போகும்போது காலி செய்துவிட வேண்டும் என்பது விதி; காலி செய்து, தனியே கழற்றி, துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"இதுக்குள்ள என்ன?"

"காத்து, சார். இப்ப அதுவும் இல்ல."

"இல்லங்கிறதை எப்படி நம்புறது?"

பேத்தி அதன் வாயைத் திறந்து காட்டினாள். உஸ் என்றுகூடச் சத்தம் வரவில்லை. உங்கள் அலுவலர் குனிந்து அதற்குள் எட்டிப் பார்த்தார். இன்னொருவரை அழைத்தார். அவரும் பார்த்தார். இல்லாத காற்றை ஆறு பேர் பார்த்தார்கள், ஐயா. ஏழாவதாக வந்தவர் சிலிண்டரில் பொறித்திருந்த தேதியைப் படித்து, காலாவதி ஆக இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது என்று திருப்தியோடு சொன்னார். அவர் ஒருவருக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்தது நூல். துப்பாக்கிக்குள் குண்டு இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்பதற்காகக் குழல் முழுக்க ஓடி இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆரஞ்சு நிற நூல் ஒன்று உண்டு. சுடுதளத்தில் அது இல்லாமல் துப்பாக்கியை வெளியே எடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆபத்து இல்லை என்று சொல்வதற்கென்றே பிறந்த நூல் அது. அதைப் பார்த்துத்தான் உங்கள் அலுவலர் இரண்டடி பின்னால் போனார். திரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

கடைசியில் படிவம் வந்தது. 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் இரண்டே கட்டம்: பாதுகாப்பு, வேட்டை. விளையாட்டு இல்லை. எந்த நாட்டுப் படிவத்தைப் பார்த்து எழுதியதோ தெரியவில்லை. மானும் காட்டெருமையும் சுட ஆகாயத்தில் போகிற தேசங்கள் இருக்கின்றன. அங்கே அது சீசன் வியாபாரம். நமக்கு 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் மிச்சமிருந்த வேட்டை லைசென்ஸ் வழியை 1991இல் திருத்தம் போட்டு அடைத்துவிட்டார்கள். முப்பது வருஷத்துக்குமேல் இந்த மண்ணில் வேட்டை என்று ஒரு பயணமே கிடையாது. அதற்கு உங்களிடம் கட்டம் இருக்கிறது. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்குகிற விளையாட்டுக்குக் கட்டம் இல்லை.

'பாதுகாப்பு' என்று போட்டால் யாரிடமிருந்து என்று கேட்பார்களே என்று பேத்தி தயங்கினாள். உங்கள் அலுவலர் தயங்கவில்லை. பேனாவை வாங்கி 'வேட்டை'யில் டிக் அடித்தார். அதை வாங்கிப் பார்த்த அடுத்த அலுவலர், வேட்டை என்றால் வனத்துறை தடையின்மைச் சான்று எங்கே என்றார். நான் சிரித்துவிட்டேன். பார்வை இரண்டில் குறிப்பிட்ட பார்வை அப்போது தொடங்கியதுதான்.

நரிக்குறவர் ஒருவர் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். சந்தையில் கவுதாரி விற்ற காலத்திலிருந்து, கையில் நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது என்பதற்காகவே ஊர் ஊராக விசாரிக்கப்பட்டவர்கள் அவர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை கையில் பெட்டி வந்த பிறகுதான் அந்த விசாரணை எப்படியிருக்கும் என்று எனக்கு உறைத்தது. கொஞ்சம் தாமதம்தான்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் எழுதவில்லை. விமானத்துக்கு வந்த ஆபத்துகளை நானும் படித்திருக்கிறேன். 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து கிளம்பிய 'கங்கா' விமானத்தை லாகூருக்குக் கடத்திப்போன இருவரிடம் இருந்தது பொம்மைத் துப்பாக்கியும் மரத்தில் செய்த கையெறி குண்டும். 1978 டிசம்பர் 20 அன்று டெல்லிக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தை, கைதாகியிருந்த இந்திரா காந்தியை விடுதலை செய் என்று வாராணசிக்குத் திருப்பிய பாண்டே பெயர்க்காரர்கள் இருவரிடம் இருந்தது ஒரு பொம்மைத் துப்பாக்கியும் ஒரு கிரிக்கெட் பந்தும். இரண்டே வருஷத்தில் இரண்டு பேரும் உத்தரப் பிரதேசத்தில் எம்.எல்.ஏ. ஆனார்கள்.

அதனால்தான் பொம்மையைக்கூட விடுவதில்லை என்பீர்கள். நியாயம். ஆனால் அவர்கள் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பெட்டி பூட்டப்பட்டு விமானத்தின் வயிற்றுக்குள் போகிறது. பேத்தி நினைத்தாலும் நடுவானத்தில் தரையைப் பெயர்த்துக்கொண்டு இறங்கி, சிலிண்டரை மாட்டி, காற்றடிக்கும் பம்பு தேடி, வாத்துக் கோட்டைப் போட்டு, நூலை உருவி, அப்புறம்தான் சுட முடியும். அதற்குள் விமானம் தரை இறங்கிவிடும். சரித்திரப்படி பார்த்தால் நீங்கள் நிறுத்தி விசாரிக்க வேண்டியது கிரிக்கெட் அணியை.

இது எனக்கு முன்பே மற்றவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. 2017 மே மாதம் செக் நாட்டில் போட்டி முடித்து வந்த ககன் நரங், செயின் சிங் முதலியவர்களின் துப்பாக்கிகளை டெல்லியில் சுங்கத்துறை மணிக்கணக்கில் விடாமல் வைத்திருந்தபோது, கிரிக்கெட் வீரர்களை இப்படி நிறுத்துவீர்களா என்று அபினவ் பிந்த்ரா பொதுவெளியில் கேட்டார். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவரே இப்படிக் கேட்கவேண்டியிருக்கிறது என்னும்போது மனு எழுதுகிறவன் கேட்டு என்ன ஆகப்போகிறது? 2021 பிப்ரவரியில் போபாலுக்குப் பயிற்சிக்குக் கிளம்பிய மனு பாக்கர், கையில் அனுமதிக் கடிதம் இருந்தும் டெல்லி விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். 10,200 ரூபாய் கேட்கிறார்கள் என்று அவர் பகிரங்கமாக எழுதி, விளையாட்டு அமைச்சர் தலையிட்ட பிறகுதான் விமானம் ஏறினார். அதே பெண் 2024இல் பாரிஸில் மூன்று நாளுக்குள் இரண்டு வெண்கலம் வாங்கிவந்தபோது மாலைக்குக் குறைவில்லை. போகும்போது படிவம், வரும்போது மாலை. நடுவில் இருக்கிற சுடுகிற வேலையை மட்டும் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் பாரிஸ் வரை பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்களே, அதற்கே தனியாக ஒரு பதக்கம் அடித்திருக்கலாம்.

வெளிதேசத்தையும் விசாரித்தேன். அமெரிக்காவில், குண்டில்லாத துப்பாக்கியைக் கெட்டிப் பெட்டியில் பூட்டிக் கவுண்டரில் சொல்லிவிட்டால் சரக்கோடு போய்விடுகிறது. சாவி பயணி பையில். ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போகிறவரிடம் அவர்களுக்குத் தகராறு இல்லை. சொல்லாமல் கைப்பையில் கொண்டுவருகிறவர்கள்தான் தலைவலி. 2023ஆம் ஆண்டில் மட்டும் சோதனை வாசல்களில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலும் குண்டு நிரப்பியவை. கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறார்களாம். எங்களுக்கு மறக்க வழியே இல்லை. டிரெய்லர் விற்ற காசு.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன்.

ஏறிய இடத்திலும் உங்களிடத்திலும் காகிதம் அதே காகிதம், விதிமுறை அதே விதிமுறை. அங்கே இருபது நிமிடம், இங்கே நூற்று அறுபது. வித்தியாசம் கவுண்டருக்குப் பின்னால் அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தார் என்பதில் மட்டும்தான். அதாவது, எங்கள் பெட்டி விதிப்படி போகவில்லை, விதிப்படி போயிற்று. முதல் விதி அரசிதழில் இருப்பது, இரண்டாவது நெற்றியில் இருப்பது. எல்லாம் அதிர்ஷ்டம்தான் என்று ஆனபின் அதை முறையாகச் செய்யலாமே என்பதுதான் என் யோசனை. முறை எங்கள் ஊரில் இருக்கிறது.

உத்திரமேரூர் என்றால் குடவோலை. புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எங்கள் கல்வெட்டைச் சொன்னார்; மறுநாள் ஸ்டூலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலாம் பராந்தகன் காலம், 919இலும் 921இலும் வெட்டியது. முப்பது குடும்புக்கும், அதாவது வார்டுக்கும், ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாவற்றுக்கும் ஆள் அப்படித்தான். நீங்களும் ஒரு குடம் வையுங்கள். 'போகலாம்', 'லைசென்ஸ் எங்கே', 'வனத்துறை', 'மேலதிகாரி வரட்டும்' என்று ஓலை எழுதிப் போடுங்கள். விவரம் அறியாதவருக்கு உங்களிடம் பஞ்சமில்லை. எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும். பயணிக்கும் பலன் இப்போதுள்ளதைவிட மோசமாக இருக்காது.

எடுத்த ஓலையை வாங்குகிறவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது. கைக்குள் வேறு எதுவும் ஒளிந்திருக்கக் கூடாதாம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கவுண்டருக்குப் பின்னால் கை எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். விரித்த கையை வேறு மாதிரிப் புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இந்த வரியைப் பெரிய எழுத்தில் மாட்டவும்.

இன்னொரு வரியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் மட்டுமல்ல, சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் என்று உறவு முறை எல்லாம் தள்ளுபடி. விமானம் கடத்தியவனைப் பற்றி அதில் இல்லை. அப்படி ஒருவன் வேட்பாளராக வருவான் என்று பராந்தகனின் ஆட்களுக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கும் கற்பனைக்கு ஒரு எல்லை இருந்திருக்கிறது.

மனு எழுதி என்ன ஆகும் என்று பேத்தி கேட்டாள். துப்பாக்கி விஷயத்தில் எங்கள் பக்கத்து மனுவுக்கு ராசி உண்டு. பக்கத்து வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பொழுதுபோக்காக ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போனார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். 1798 வாக்கில், லயனல் பிளேஸ் என்ற கலெக்டர், இங்கே சுடக்கூடாது என்று கவுல் என்ற உறுதிச்சீட்டு எழுதிக் கொடுத்தார். பிறகு 1858இலும் ஊர்க்காரர்கள் கேட்டுப் புதுப்பித்துக்கொண்டார்கள். தாளைப் பத்திரமாக வைத்திருந்து புதுப்பிப்பது எங்கள் பக்கத்து ரத்தத்தில் இருக்கிறது. அவர்கள் துப்பாக்கியை நிறுத்தச் சொல்லி எழுதினார்கள், நான் விடச் சொல்லி எழுதுகிறேன், மனு மனுதான்.

அதே பிளேஸ் துரை, மதுராந்தகம் ஏரி உடையப்போன மழை ராத்திரியில் கரைக்குப் போனாராம். வில்லும் அம்புமாக இரண்டு பேர் கரையில் காவல் நிற்பதைப் பார்த்தாராம். அதனால்தான் மதுராந்தகம் கோயில் சாமிக்கு ஏரி காத்த ராமர் என்று பேர். நடுராத்திரி, கொட்டுகிற மழை, ஆயுதத்தோடு இரண்டு அந்நியர்கள். துரை கைகூப்பினார் என்றுதான் எங்கள் பக்கத்தில் கதை. அம்புக்கு லைசென்ஸ் கேட்டதாக யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு என்ன ஆயிற்று என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். நாங்கள் ஏறினோம், பெட்டி ஏறவில்லை. "அடுத்த ஃபிளைட்ல வரும்" என்றார்கள். மறுநாள் சாயங்காலம் வந்தது. போட்டிக்கு முந்தின நாள் பயிற்சி போயிற்று. பெட்டி வராத முதல் ராத்திரி லாட்ஜ் அறையில் கண்விழித்துப் பார்க்கிறேன், விளக்கு எரிகிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பேத்தி பக்கவாட்டில் நிற்கிறாள். தோளில் என் குடை. இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றி, கன்னம் குடைத் துணியில் பதிந்து, எதிர்ச் சுவரில் பேனாவால் வைத்த ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு பாதியில் நின்றிருந்தது. குடையின் முனை ஆடவில்லை. நான் கண்ணை மூடித் தூங்குகிறமாதிரி கிடந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். பிறகு குடையைக் கதவு மூலையில் சாத்திவிட்டு விளக்கை அணைத்தாள்.

அறுபது குண்டில் 621.3. முதல் பத்தில் கொஞ்சம் சறுக்கினாள். அது அவள் கணக்கு, உங்கள்மேல் எழுதவில்லை.

அடுத்த மாதம் மறுபடி போட்டி. மறுபடி உங்கள் வழிதான், டிக்கெட் அதில்தான் மலிவு. ஆகவே, 'விளையாட்டு' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டுவைக்குமாறும், டீ குடிக்கப் போன அலுவலரை அன்றைக்கு மட்டும் இடத்தில் இருக்கச் சொல்லுமாறும் மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி மனு எழுதுகிறவன்.

இணைப்பு: குடத்துக்கு ஓலை, முப்பது. (எழுதாதது.)

பின்குறிப்பு: மேற்படி குடை இரண்டு விமானத்திலும் என் மடியிலேயே வந்தது. இரும்புக் கம்பி, கூர் முனை, கைப்பிடி வளைந்தது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதமும் கொண்டுவருவேன்.